வீடு விற்பதற்காக செயின்ட் ஜோசப் சிலையைத் தலைகீழாகப் புதைப்பது: செய்யலாமா?

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு வட கரோலினாவுக்கு வேலை மாற்றலாகி ஆகஸ்டிலேயே போய்விட்டார். நானும் பிள்ளைகளும் என் அத்தையும் (கணவரின் அம்மா) இங்கே. வீட்டை விற்பனைக்குப் போட்டு இன்றோடு 74 நாள். அங்கே வாடகை, இங்கே மார்ட்கேஜ், இரண்டையும் கட்டி மாளவில்லை. ஓப்பன் ஹவுஸ் மூன்று வைத்தாயிற்று. வருகிறார்கள், சமையலறை அருமை என்கிறார்கள், பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வருகிறார்கள், அப்புறம் பேச்சையே காணோம்.

போன வாரம் எங்கள் ரியல்டர் அம்மா ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே நாலு அங்குல உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் சிலை, ஒரு பிரார்த்தனைச் சீட்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தாள். செயின்ட் ஜோசப்பாம். விற்பனைப் பலகைக்குப் பக்கத்தில் குழி தோண்டி, தலை கீழே, கால் மேலே, முகம் வீட்டைப் பார்க்கிற மாதிரி புதைக்க வேண்டுமாம். விற்றதும் தோண்டி எடுத்துப் புது வீட்டில் மரியாதையான இடத்தில் வைக்க வேண்டுமாம். அவர் மனதார நல்லது நினைத்துத்தான் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அத்தை அதை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். சிலையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கையில் லில்லிப் பூ, இன்னொரு கையில் குழந்தை. "இவரைத் தலைகீழாக நட்டால் கையில் இருக்கிற பிள்ளையும்தானே தலைகீழாகப் போகும்?" என்று கேட்டார். அதிலிருந்து எனக்கு மனசே ஆகவில்லை.

நாங்கள் இந்துக்கள். கத்தோலிக்க நண்பர்கள் சொல்லுங்கள். இது உங்களிடம் உண்மையிலேயே இருக்கும் வழக்கமா? தலைகீழாக வைப்பது அவமரியாதை ஆகாதா? எங்களைப் போன்றவர்கள் செய்யலாமா?

நீலவானம் எழுதியது:

செய்யுங்கள் தங்கச்சி, தயங்காதீர்கள். நாங்கள் 2019இல் இல்லினாயில் வீட்டை விற்றபோது செய்தோம். நாலு மாதம் ஒருவரும் திரும்பிப் பார்க்காத வீடு. புதைத்த பதினோராவது நாள் ஆஃபர் வந்தது. நானும் கத்தோலிக்கர் இல்லை. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரப் பாட்டிதான் சொல்லிக் கொடுத்தார். அவரே வந்து பக்கத்தில் நின்றார்.

சில விஷயம் கவனியுங்கள். முகம் வீட்டைப் பார்க்க வேண்டும். தெருவைப் பார்த்து வைத்ததால் எதிர்வீடு விற்றுப்போனது என்று அந்தப் பாட்டி ஒரு கதை சொன்னார். துணியில் சுற்றிப் புதையுங்கள், மண் ஒட்டாது. ஒன்பது நாள் பிரார்த்தனை சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. என் பாஷையில் என் கஷ்டத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பழைய பங்குவாசி எழுதியது:

சகோதரி, உங்கள் அத்தை கேட்ட கேள்வி நியாயமானது. எனக்கு எழுபது வயதாகிறது, நியூ ஜெர்சியில் முப்பது வருடமாக ஒரே பங்கில் (கோயில் சமூகத்தில்) இருக்கிறேன். இந்தப் பெட்டிகள் எங்கள் ஊர்க் கடைகளில் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனது கொஞ்சம் சங்கடப்படும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நீங்கள் செயின்ட் ஜோசப் என்கிறவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தை, எங்களுக்குச் சூசையப்பர். வளனார் என்றும் சொல்வோம். அந்தப் பெயரைத் தந்தவர் வீரமாமுனிவர். 1726இல் அவர் முடித்த தேம்பாவணிக்குத் தலைவனே சூசையப்பர்தான். 3,615 பாடல். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'இன்னும் சேர்த்துத் தருவார்' என்று பொருள். அதை வளன் என்று தமிழாக்கினார். எங்கள் வீட்டில் புதன்கிழமை அவருக்கு, மார்ச் மாதம் முழுக்க அவருக்கு.

வீடு என்றால் ஏன் இவரிடம் போகிறார்கள்? இவர் தச்சர் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெத்லகேமில் நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியோடு தங்க இடமில்லாமல் நின்றவர் இவர். அப்புறம் கனவில் எச்சரிக்கை கேட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடியவர். வீடு கிடைக்காத கஷ்டமும் வீட்டை விட்டுப் போகிற கஷ்டமும் தெரிந்தவர். மெக்சிகோக்காரர்கள் டிசம்பர் 16 முதல் 24 வரை லாஸ் பொசாதாஸ் கொண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். சூசையப்பர் மரியாளோடு வீடு வீடாகப் போய் இடம் கேட்டதைத்தான் ஒவ்வொரு வாசலிலும் பாடிக் காட்டுகிறார்கள்.

இனி புதைக்கும் வழக்கம். இதற்கு இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரேசம்மாள். புது மடங்களுக்கு இடம் வேண்டி அந்த நிலத்தில் சூசையப்பர் பதக்கங்களைப் புதைத்தார் என்பது வாய்வழியாக வருகிற கதை. அவருக்குச் சூசையப்பர் மேல் இருந்த பற்று வாய்வழிக் கதை அல்ல. 1562இல் அவிலாவில் தொடங்கிய முதல் மடத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்தார். சூசையப்பரிடம் கேட்டுக் கிடைக்காமல் போனது எதுவும் நினைவில் இல்லை என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று மாண்ட்ரியால். ஆந்த்ரே பெசெட் என்ற துறவற சகோதரர். படிப்பு அதிகமில்லாதவர். திருச்சிலுவைச் சபையாரின் கல்லூரியில் நாற்பது வருடம் போல வாயில் காத்தவர். கல்லூரிக்கு எதிரே இருந்த மவுன்ட் ராயல் மலைச்சரிவைச் சபையார் வாங்க நினைத்தார்கள், உரிமையாளர்கள் கொடுக்கவில்லை. சகோதரர் அந்த நிலத்தில் சூசையப்பர் பதக்கங்களைப் போட்டு மன்றாடிக்கொண்டே இருந்தார். 1896இல் நிலம் கைக்கு வந்தது. 1904இல் அங்கே ஒரு சின்னச் சிற்றாலயம் எழும்பியது. இன்று அதே மலையில் நிற்கும் சூசையப்பர் பேராலயம்தான் கனடாவிலேயே பெரிய கோயில். அவரை 2010இல் புனிதர் ஆக்கினார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் அங்கே சுவர் முழுக்கத் தொங்கும்.

இந்த இரண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது, நிலம் வாங்கக் கேட்டார்கள், விற்க அல்ல. கேட்டதும் தங்களுக்கு வீடு வேண்டும் என்று அல்ல. முக்கியமாக, யாரும் யாரையும் தலைகீழாக வைக்கவில்லை. போட்டது பதக்கம். செய்தது ஜெபம்.

தலைகீழ் எங்கிருந்து வந்தது? புனிதரை நெருக்கி வேலை வாங்குகிற பழைய பழக்கத்தின் சாயல் அது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் மாப்பிள்ளை தேடுகிற பெண்கள் அந்தோணியார் சுரூபத்தை (சிலையை) தலைகீழாக நிறுத்துவார்கள், தண்ணீரில்கூட அமிழ்த்துவார்கள். இடைக்கால ஐரோப்பாவில் துறவிகளே அநீதி நடந்தால் புனிதர்களின் சுரூபங்களைத் தரையில் இறக்கி முள்ளும் காஞ்சொறியும் மேலே போட்டு வைப்பார்கள். இதைத் திருச்சபை ஒப்புக்கொள்ளவில்லை. 1274இல் திருச்சபை ஆயர்கள் கூடிய இரண்டாம் லியோன் பொதுச்சங்கம் சுரூபங்களைத் தரையில் போட்டு முள்ளில் கிடத்துவதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆக உங்கள் அத்தை இப்போது கேட்டதை ஒரு பொதுச்சங்கம் எழுநூறு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறது.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

ஐயா, கண் கலங்கிவிட்டது. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். வளன் என்ற பெயர் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காலையிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நான் நம்பிக்கையைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. எண்ணிக்கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

'புதைத்தேன், விற்றது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். புதைத்தும் விற்காதவர்கள் அதைப் போய் யாரிடமும் சொல்வதில்லை. சந்தையில் போட்ட வீட்டில் பெரும்பாலானவை சில மாதத்தில் எப்படியும் விற்றுவிடும். புதைக்கிறவர்கள் முதல் நாளே புதைப்பதில்லை. ரொம்ப நாள் காத்து, மனசு நொந்த பிறகுதான் புதைக்கிறார்கள். அதே சமயத்தில்தான் விலையையும் குறைக்கிறார்கள், படத்தையும் மாற்றி எடுக்கிறார்கள், பனிக்காலம் முடிந்து வாங்குபவர் கூட்டமும் வருகிறது. எது எதனால் நடந்தது என்று அதில் பிரித்துச் சொல்லவே முடியாது.

இந்தப் பெட்டிகள் அமெரிக்காவில் பரவலாக விற்க ஆரம்பித்தது 1990 வாக்கில். வீடு விற்பது மந்தமாக இருந்த காலம். 2007, 2008இல் வீட்டு விலை சரிந்தபோது மறுபடி கிராக்கி ஏறியது. வீடு சட்டென்று விற்கிற காலத்தில் இதை யாரும் தேடுவதில்லை. சகோதரி, சிலை விஷயத்தில் உங்கள் மனது சொல்வதைச் செய்யுங்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் பேஸ்மென்ட் பார்த்த பிறகு அமைதியாகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்ன இருக்கிறது?

நீலவானம் எழுதியது:

எண்ணும் எழுத்தும், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் நான் விலை குறைக்கவில்லை, படம் மாற்றவில்லை. அந்த நாலு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பணம் தேவைப்பட்டது. குழி தோண்டி உட்கார்ந்த அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதேன். ஒருவரிடம் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி தூங்கினேன். விற்றதற்குக் காரணம் எதுவானாலும் அந்தத் தூக்கம் அவர் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

அக்கா, அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது, மன்னியுங்கள்.

மறைக்கல்வி டீச்சர் எழுதியது:

நான் பங்கில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். வருடா வருடம் இந்தக் கேள்வி ஒரு பிள்ளையாவது கேட்கும், ஏனென்றால் அவர்கள் வீட்டிலேயே யாராவது புதைத்திருப்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2111ஆம் பத்தி இதைத்தான் பேசுகிறது. ஜெபத்துக்கோ அடையாளங்களுக்கோ உள்ள பலன் அந்த வெளிச்செயலாலேயே கிடைக்கிறது, உள்ளே மனநிலை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பது மூடநம்பிக்கை. அதாவது புதைப்பதா வேண்டாமா என்பதைவிட, புதைத்தால் அவர் செய்தே தீர வேண்டும் என்று நினைக்கிறோமா என்பதுதான் கேள்வி. இத்தனை அங்குல ஆழம், இந்தப் பக்கம் முகம், தப்பினால் எதிர்வீடு விற்றுவிடும் என்று போகும்போது அது எந்திரத்தில் காசு போடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. நீலவானம் அக்கா குழியருகே உட்கார்ந்து தன் பாஷையில் அழுதது அப்படி இல்லை. அது மன்றாட்டு. அவர் எந்தச் சமயம் என்பதால் அது குறைந்துவிடாது.

மல்லிகைப்பந்தல் அக்காவுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உறங்கும் சூசையப்பர் என்று ஒரு சுரூபம் உண்டு. நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கடவுள் அவரிடம் பேசுவது தூக்கத்தில். எழுந்ததும் சொன்னதைச் செய்வார். 2015 ஜனவரி 16 அன்று மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் இதைப் பற்றிப் பேசினார். தன் மேசை மேல் உறங்கும் சூசையப்பர் இருக்கிறார், ஏதாவது கஷ்டம் வந்தால் ஒரு சீட்டில் எழுதி அவருக்கு அடியில் வைத்துவிடுவேன், அவர் அதைக் கனவு காணட்டும் என்று சொன்னார். உங்களிடம் இருப்பது நிற்கிற சுரூபம்தான், பரவாயில்லை. விளக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். சீட்டு எழுதி அடியில் வையுங்கள். யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள்.

சாவிக்கொத்து எழுதியது:

டெக்சஸில் பதினாலு வருடமாக வீடு விற்றுக் கொடுக்கிறேன். நடைமுறை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

புதைக்கத்தான் வேண்டும் என்று யாராவது முடிவு செய்தால், விற்பனைப் பலகைக்குப் பக்கத்தில் மண்வெட்டி போடுவதற்கு முன் யோசியுங்கள். அந்த இடத்தில்தான் ஸ்பிரிங்க்ளர் குழாய், கேபிள் எல்லாம் ஓடும். என் வாடிக்கையாளர் ஒருவர் குழாயைக் குத்திவிட்டு ஓப்பன் ஹவுஸ் அன்று முன்வாசலில் சேற்றோடு நின்றார். தோண்டுவதற்கு முன் 811க்கு அழைத்தால் நிலத்தடியில் போகிற பொதுக் குழாய், கம்பி எல்லாவற்றையும் இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள். உங்கள் சொந்த ஸ்பிரிங்க்ளர் குழாய் அதில் வராது, அதை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காண்டோ, டவுன்ஹோம் என்றால் வாசல் மண் உங்களுடையதே இல்லை, எச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்துடையது. அவர்கள் பூந்தொட்டி மண்ணில் வைக்கிறார்கள். மினசோட்டா போன்ற இடங்களில் ஜனவரியில் நிலம் கல்லாகிவிடும், அங்கேயும் தொட்டிதான்.

இன்னொன்று, கேட்காதவர்களுக்கு நான் இந்தப் பெட்டியைக் கொடுப்பதில்லை. 1968 ஃபேர் ஹவுசிங் சட்டம் வீடு விற்பதில், வாங்குவதில் மதத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சிலை கொடுப்பது பாகுபாடு ஆகாது. ஆனாலும் விளம்பரத்தில் ஒரு வார்த்தைகூட மதம் பற்றி வராமல் பார்க்கிற தொழில் இது. உங்கள் ரியல்டர் அன்பில் கொடுத்தார், அதைத் தப்பாக எடுக்க வேண்டாம். வேண்டாம் என்று மனதில் பட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார்.

பேஸ்மென்ட் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஈர வாடை இருக்கிறதா? அங்கேயே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது.

தோட்டக்காரி எழுதியது:

நான் இந்தக் கதையின் மறுபக்கத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பென்சில்வேனியாவில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் அக்டோபர். முன்வாசலில் ட்யூலிப் கிழங்கு நடலாம் என்று கைக்கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தேன். ஆறு அங்குலம் போனதும் ஏதோ தட்டியது, கல் என்று நினைத்தேன். சுற்றிலும் மண்ணை விலக்கினால் இரண்டு சின்னப் பாதம். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஏதோ பில்லி சூனியம் என்று நினைத்துக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் மெதுவாக இழுத்து எடுத்தார். அங்கியின் மடிப்பிலெல்லாம் மண். முகத்தில் ஒரு வேர் பின்னியிருந்தது, கண்ணுக்குக் குறுக்கே. மெல்லிய வெள்ளை வேர், புல்லினுடையது. அதைப் பிய்த்தால் வண்ணமும் உரிந்துவிடுமோ என்று பயந்து, குழாயடியில் வைத்து என் பையனின் பழைய பல் துலக்கும் பிரஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். குழந்தையின் முகம் கடைசியாகத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் விளக்கினார். எங்களுக்கு வீட்டை விற்றவர்கள் வயதான தம்பதி. கணவருக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்திருக்கிறது. மகள் வீட்டுக்குப் போவதற்காக விற்றார்கள். புதைத்ததை எடுக்கவும் அவருக்கு நினைவு இருந்திருக்காது. எடுக்காமல் விட்டால் வீடு கைமாறிக்கொண்டே இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டாம். அந்த அம்மாள் கொஞ்சம் பயந்துதான் சொன்னார். எனக்கு அந்தப் பயம் வரவில்லை. ஒரு பெரியவர் மண்டியிட்டுக் குழி தோண்டியதுதான் கண்ணில் நின்றது.

மகளின் முகவரிக்கு அனுப்பலாமா என்று ரியல்டர் மூலம் கேட்டோம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சமையலறை ஜன்னலில் நிற்கிறார், எட்டு வருடமாக. நாங்கள் வேறு மதம்தான். பாத்திரம் கழுவும்போது தினமும் பார்க்கிறேன்.

மல்லிகைப்பந்தல், தலைகீழாகப் புதைப்பது பாவமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதைக்கிறவர் வீட்டை விட்டுப் போகிற அவசரத்தில் இருப்பவர். மறந்துபோவது ரொம்பச் சுலபம். அதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

நீலவானம் எழுதியது:

தோட்டக்காரி எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் எடுக்கவில்லை. க்ளோசிங் (வீட்டைக் கைமாற்றும் கையெழுத்து) முடிந்த அன்று அப்பா தவறிவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு நேராக விமான நிலையம் போனேன். திரும்பி வந்தபோது அந்த வீட்டில் வேறு கார் நின்றது. ஐந்தாறு வருடமாக இது உள்ளே குத்திக்கொண்டே இருக்கிறது. அங்கேதான் கிடக்கிறார், என் துணியில் சுற்றி. பங்குவாசி ஐயா, நான் என்ன செய்ய வேண்டும்?

பழைய பங்குவாசி எழுதியது:

மகளே, முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். அது ஒரு சுரூபம். நாம் காட்டுகிற மரியாதை சுரூபத்தின் வழியாக அவருக்குப் போகிறது. பிளாஸ்டிக் மண்ணில் இருப்பதால் அவர் மண்ணில் இல்லை. உடைந்துபோன மந்திரித்த (குருவானவர் ஆசீர்வதித்த) பொருட்களை நாங்களே மண்ணில்தான் புதைப்போம். கண்ட இடத்தில் எறியக் கூடாது என்பதற்காக. ஆகவே அவர் மரியாதைக் குறைவான இடத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் மரபில் சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர். இயேசுவும் மரியாளும் பக்கத்தில் இருக்க அவர் இறந்தார் என்று நம்புகிறோம். அதனால் சாகப் போகிறவர்களுக்காக அவரிடம்தான் வேண்டுவோம். உங்கள் அப்பாவுக்காகவும் சேர்த்துத்தான் அன்று நீங்கள் அந்தக் குழியருகே அழுதிருக்கிறீர்கள். முடிந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள், மரியாதையாக, எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. வருகிற புதன்கிழமை பூசையில் உங்கள் தகப்பனாரை நினைத்துக்கொள்கிறேன்.

நீலவானம் எழுதியது:

நன்றி ஐயா. கடிதம் எழுதிவிட்டேன்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. புதைக்கவில்லை. ரியல்டர் அம்மாவிடம், சிலையை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம், புதைக்க மனம் வரவில்லை என்று சொன்னேன். "உள்ளே இருந்தாலும் அவருக்குக் காது கேட்கும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு பார்க்க யாராவது வருகிற நாளில் மட்டும் விளக்கு, படங்களோடு அவரையும் அலமாரிக்குள் வைத்துவிடுகிறோம். வெளியே சாமி படம் எதுவும் இருக்க வேண்டாம் என்று படம் எடுக்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள்.

பேஸ்மென்ட் பற்றிக் கேட்டவர்களுக்கு: எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் தோழியை அழைத்து வந்து கண்ணை மூடிக்கொண்டு இறங்கச் சொன்னேன். பாதிப் படியிலேயே "ஈரச் சாக்கு வாடை வருகிறது" என்றாள். ஒரு மூலையில் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்பாக இருக்கிறது. வெளியே கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரை ஒட்டியே கொட்டுகிறது, அந்தத் தண்ணீர்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் ஆள் வருகிறார்.

சீட்டும் எழுதி வைத்தேன். என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.

சாவிக்கொத்து எழுதியது:

குழாயை நீட்டி, தண்ணீர் வீட்டை விட்டு ஆறடி தள்ளி விழும்படி செய்யுங்கள். கம்பளத்தை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் கருவியை இரண்டு வாரம் விடாமல் ஓடவிடுங்கள். செய்த வேலைக்கான ரசீதை எடுத்து வையுங்கள். விற்பனைக்கு முன் கொடுக்கிற விவரப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஒஹாயோவில் அது கட்டாயம். மறைத்தால் பின்னால் வழக்கு வரும், சரி செய்தோம் என்று காட்டினால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். படத்தையும் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.

மறைக்கல்வி டீச்சர் எழுதியது:

நவநாளில் (ஒன்பது நாள் ஜெபத்தில்) உங்கள் வீட்டையும் சேர்த்திருக்கிறேன் அக்கா. பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். வீடு விற்றுவிட்டது. பிப்ரவரி கடைசியில் ஆஃபர், கேட்ட விலையைவிட ஒன்பதாயிரம் டாலர் குறைவு, ஒப்புக்கொண்டோம். போன வெள்ளிக்கிழமை க்ளோசிங். பேஸ்மென்ட் சரியானதாலா, விலை குறைத்ததாலா, வசந்தம் வந்ததாலா என்று எண்ணும் எழுத்தும் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தையைக் கேட்டால் வளன் சாமிதான் என்கிறார். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான் என்கிறார்.

ஒரு விஷயம் எழுத வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன். கடைசி நாள் விளக்கு அலமாரியைக் காலி செய்தபோது சிலையைத் தூக்கினேன். அடியில் என் சீட்டு ஒன்று இருக்க வேண்டும், இரண்டு இருந்தது. இன்னொன்று என் சின்னவனுடையது. ஏழு வயது. எப்போது எழுதி வைத்தான் என்று தெரியாது, யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை. பென்சிலில், ஆங்கிலமும் தமிழும் கலந்து, புதிதாக வருகிறவர்கள் பின்பக்க மரத்தை வெட்டக் கூடாது, அதில்தான் ஊஞ்சல் இருக்கிறது என்று எழுதியிருந்தான். நாங்கள் விலையைப் பற்றியும் நாளைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவனுடைய கவலை அந்த மரமாக இருந்திருக்கிறது.

க்ளோசிங் மேசையில் வாங்குபவர்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மரத்தைப் பார்த்துத்தான் அவள் இந்த வீடு வேண்டும் என்றாளாம். ஊஞ்சலை நாங்கள் கழற்றி எடுத்துப் போய்விடுவோம் என்று நினைத்திருக்கிறார்கள். கயிற்றை மட்டும் புதிதாக மாற்றிக் கட்டிவிட்டு வந்தோம்.

சிலையை அத்தை மடியில் வைத்துக்கொண்டே வட கரோலினா வரைக்கும் வந்தார்.